துருவப் பனியும் நமது கடற்கரையும்

பிழைப்பின் நிமித்தம் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மவர் பலர். எங்கோ துருவத்தில் உருகும் பனி நமது வாயிற்படியை எவ்வாறு எட்டும் என்ற ஐயம் அவர்களுக்கு எழுவது இயல்பே. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி முழுதும் கரைந்தாலும் நீர்மட்டம் உயர்வதில்லை. வடதுருவக் கடலில் மிதக்கும் பனியும் ஏறக்குறைய அத்தகையதே. நிலத்தின்மீது படிந்துள்ள பனியோ அவ்வாறன்று. அது கடலை அடையுந்தோறும் புதிய நீர் சேர்கின்றது. கிரீன்லாந்தின் பனி முழுவதும் கரையுமாயின் கடல்கள் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்க்டிகாவின் பனி கரைந்தாலோ சுமார் 58 மீட்டர். ஒரு தலைமுறையில் நிகழக்கூடியதன்று இது. எனினும் கவலைக்கு இடமுண்டு.

மேற்கு அண்டார்க்டிகாவில் பனியின் அடித்தளம் பெரும்பாலும் கடல்மட்டத்திற்குக் கீழே அமைந்துள்ளது. வெதுவெதுப்பான கடல்நீர் அதனை அடியிலிருந்தே அரிக்கின்றது. கரையோரத்தில் மிதக்கும் பனிப்பாளங்கள், பின்னுள்ள பனியாறுகளை அணைபோல் தடுத்து நிற்கின்றன. அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் 2002-ஆம் ஆண்டு லார்சன்-பி என்னும் பாளத்தில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பரப்பு சில வாரங்களிலேயே நொறுங்கிற்று. பின்னிருந்த பனியாறுகள் முன்னிலும் விரைந்து கடலை நோக்கி இறங்கின.

தொலைவு நமக்குக் காப்பாகாது. மாபெரும் பனித்திரள் தனது ஈர்ப்பினால் கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்துள்ளது. பனி குறையக் குறைய அவ்வீர்ப்பும் தளர்கின்றது. ஆதலால் அருகிலுள்ள கடல் தாழ, நெடுந்தொலைவிலுள்ள கடல்கள் சராசரியினும் மிகுதியாக உயர்கின்றன.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் இதற்கொரு காரணம். இது அற்பமெனத் தோன்றலாம். 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கடல் ஏற்றமும் உடன் சேரவே, வடிகால் நீர் வெளியேற வழியின்றி நகரில் தேங்கிற்று. கடல்மட்டம் உயருந்தோறும் இத்தகைய இடர் பெருகும்.

இவ்வுயர்வை உடனே நிறுத்த இயலாது. அதன் வேகம் மட்டும் மனிதர் கையில் உள்ளது. கரியமில வாயுவை வெகுவாகக் குறைத்தால், இந்நூற்றாண்டின் தொடக்க நிலையைவிட 2100-இல் 28 முதல் 55 சென்டிமீட்டர் உயர்வு இருக்கலாம். மிகுதியாகப் பெருக்கினால் 63 முதல் 101 வரை ஆகலாம் என்று விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். ஆகவே, கடலோர நகரங்களில் வீடு வாங்க எண்ணுவோர், விலையை விசாரிப்பதுடன் அவ்விடம் கடல்மட்டத்தினின்றும் எவ்வளவு உயரமென்பதையும் விசாரித்தல் நலம்.