ஒற்றைத் தலையிடியும் மருந்துக்குச் செல்லும் வழியும்

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரையொன்று தருதல் வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்வியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுவோமென்றே முதலில் எண்ணினோம். ஆயின், அவ்விரண்டையும் பற்றி எழுத எம்மினும் தகுதி வாய்ந்த பழைய மாணவர் பலர் உளர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் நேரிற் பழகிய பொருள் ஒன்றுண்டு, அது தலையிடி. இதனைக் கண்டு நகைப்போர் நகைக்கட்டும். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள்ளும் மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் இந்நோயைத் தனியே தாங்குவோர் சிலரேனும் இருப்பர். அவர்க்கும் அவர்தம் வீட்டார்க்கும் பயன்படுதல் கூடுமென்றே இதனை எழுதத் துணிந்தோம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூருக்குக் கிழக்கே அமைந்தது எமது ஊராகிய சம்பூர். பத்திரகாளி அம்பாள் கோயிலும் வயலும் மாட்டுப் பட்டிகளும் அவ்வூரின் செல்வம். எமது இளமையில் நகரத்துக்கு வருவதாயின் மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு ஏறிக் குடாவைக் கடத்தல் வேண்டும். தரை வழியே வருவோர் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகளிற் காத்திருந்து பாதையேறிக் கடப்பர். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பிய ஒரு நாள், நடுக்குடாவில் நீரின்மேற் பட்டுத் தெறித்த வெயில் எமது கண்ணைத் தாக்கியது. சற்று நேரத்தில் இடக்கண்ணின் ஓரத்தே பல் பல்லாக வெட்டிய ஒளிக்கோடு ஒன்று தோன்றி, விரிந்து, மறைந்தது. அதன்பின் நெற்றியின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பதுபோல் இடிக்கத் தொடங்கிற்று. கரை சேருமுன் இருமுறை வாந்தியெடுத்தோம். உடன் வந்தோர் கடல் மயக்கம் என்றனர். விடுதியிற் சிலர் பாடத்துக்கு அஞ்சிய நோய் என்றனர். ஊரில் எம் அன்னையார் நாவூறு என்று கருதி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அவ்வன்னையாரே திங்களில் இருமுறை தலையைத் துணியால் இறுகக் கட்டி இருட்டறையிற் கிடந்தவர் என்பது எமக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

நோயின் இயல்பு

ஒற்றைத் தலையிடி, கபாலக் குத்து என்று நம்மவர் வழங்கும் இந்நோய் புதியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க வைத்தியர் இதனைப் பாதித் தலைநோய் என்னும் பொருள்பட அழைத்தார். ஈழத்துத் தமிழ் வைத்திய நூலாகிய பரராசசேகரத்தில் தலையில் வரும் நோய்களுக்கென்றே சிரரோக நிதானம் என ஒரு பாகம் உண்டு. இன்று உலகில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் இந்நோயுடையோர் எனக் கணிக்கப்படுகின்றது. ஆடவரினும் மகளிர்க்கு இஃது இருமடங்கு முதல் மும்மடங்கு வரை மிகுதி. குடிவழியே தொடர்வதும் இதன் இயல்பு.

எல்லாத் தலையிடியும் ஒற்றைத் தலையிடியாகா. மருந்தின்றி விட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது. பெரும்பாலும் ஒரு பக்கத்தே வருவது. நாடித் துடிப்போடு சேர்ந்து இடிப்பது. நடந்தாலும் படியேறினாலும் மிகுவது. குமட்டலையோ வாந்தியையோ தருவது. ஒளியையும் ஓசையையும் தாங்கவொட்டாது செய்வது. இவை அதன் அடையாளங்கள். சிறுவர்க்கு இரு பக்கமும் வலித்தலும் உண்டு. நோயாளருள் ஒரு சாரார்க்கு வலிக்கு முன் ஒளிக்கோலமோ, கண் மங்கலோ, கை விறைப்போ தோன்றி ஒரு மணி நேரத்துள் மறையும்.

அவ்வொளிக்கோலம் எங்ஙனம் உண்டாகின்றது? அமெரிக்க உளவியல் அறிஞர் காள் லாஷ்லி, தமக்குத் தோன்றிய கோலத்தைத் தாமே வரைந்து அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோவொன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கின்றதென 1941இல் எழுதினார். 1944இல் பிரேசில் நாட்டவரான லெயாவோ, முயலின் மூளையில் அத்தகைய மெல்லிய அலையொன்று பரவுதலை ஆய்வுகூடத்திற் கண்டார். வலியோ வேறு வழியில் எழுவது. முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சியளிக்கும் ஐந்தாம் மூளைநரம்பு கிளர்ச்சியுற்று, மூளையுறையின் குருதிக் குழாய்களைச் சூழச் சில பொருள்களைச் சுரக்கின்றது. அவற்றுள் முதன்மையானது சீ.ஜீ.ஆர்.பீ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் புரதத் துண்டு. ஆகவே இந்நோய் சோம்பலுமன்று, பாசாங்குமன்று. மூளையினதும் நரம்பினதும் தொழிலில் நேரும் கோளாறு இது. ஆயினும் குருதிச் சோதனையிலோ கதிர்ப்படத்திலோ இதற்கு அடையாளம் இல்லை. நோயாளி சொல்லும் வரலாறும், அதனைக் கேட்கும் வைத்தியரின் பொறுமையுமே இதனைக் காட்டிக் கொடுக்கும்.

மருந்துகள் யாவை?

இந்நோயை வேரோடு களையும் மருந்து இதுகாறும் இல்லை; அடக்கும் மருந்துகள் உள. அவை இருவகைப்படும். வலி வந்தபோது உண்பன ஒருவகை. வலி வாராமற் காக்க நாடோறும் உண்பன மற்றொருவகை. முதல்வகையில் அஸ்பிரின், இபுபுரோபன், பரசிற்றமோல் ஆகியவை அடங்கும். வலி தொடங்கிய உடனே, வைத்தியர் கூறிய முழு அளவில் உட்கொண்டாலே இவை பயன் தரும். வலி முற்றிய பின்னர் இரைப்பை தொழில் மந்தமாகி மருந்தை ஏலாது. 1990களின் தொடக்கத்தில் வந்த சுமாற்றிப்ரான் இந்நோய்க்கென்றே ஆக்கப்பட்டது; உலக சுகாதார நிறுவனம் அதனை 2021இல் தனது இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இரண்டாம் வகையில் புரோப்பிரனலோல், அமிற்றிப்ரிலின் முதலியவை அடங்கும். முன்னது இருதய நோய்க்கென வந்தது. தொய்வு நோயுடையோர்க்கு ஆகாது. பின்னது மனச்சோர்வுக்கென வந்து சிறு அளவில் இதற்கும் உதவுவது. இவை பழைய மருந்துகளாதலின் விலை குறைந்தவை. சீ.ஜீ.ஆர்.பீ. பொருளைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் மேனாடுகளில் வழங்குகின்றன. அவற்றின் விலை நம் போன்றார் கைக்கு எட்டாதது.

இங்கு ஓர் எச்சரிக்கை. வலிநீக்கி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேற்பட உட்கொண்டு வந்தால், அம்மாத்திரையே தலையிடியை வளர்க்கும். சுமாற்றிப்ரான் போன்றவற்றுக்கும் பல மருந்து சேர்ந்த மாத்திரைகளுக்கும் அவ்வெல்லை 10 நாளே. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வலிநீக்கி வேண்டியிருப்பின், கடைக்குப் போவதை விடுத்து வைத்தியரிடம் போதலே முறை.

தங்கையின் கதை

இவ்வெச்சரிக்கையை நாம் நூலிற் கற்கவில்லை. எமது தங்கையின் வாழ்விற் கற்றோம். 2006ஆம் ஆண்டு ஏப்ரலிற் சம்பூர் மக்கள் ஊரை விட்டு நீங்க நேர்ந்தது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை ஆகிய இடங்களின் முகாம்களில் அவர்கள் பல்லாண்டு வாழ்ந்தனர். காணிகள் 2015இலும் 2016இலும் கட்டங்கட்டமாகத் திருப்பி அளிக்கப்பட்டன. அக்காலமெல்லாம் எமது தங்கை தகரக் கூரையின் கீழ் இருந்தார். நண்பகல் வெக்கையும், அடுப்புப் புகையும், குறைந்த உறக்கமும், வேளை தவறிய உணவும் ஒன்று கூடின. இவற்றுள் ஒவ்வொன்றும் இந்நோயைத் தூண்டவல்லது. ஊரை விட்டோடிய அன்றே அவரது கிளினிக் கொப்பியும் போயிற்று. முன்பு உண்ட மருந்தின் பெயரை அவர் அறியார். வெள்ளை மாத்திரை என்பதே அவர் சொல்லத் தெரிந்த வரலாறு.

கடையில் எளிதிற் கிடைத்தது பனடோல். முதலில் வாரத்துக்கு ஒரு முறை உண்டார். பின்னர் நாளுக்கு மும்முறை உண்டார். வைத்தியசாலையொன்றுக்குப் பலமுறை சென்றார். அங்கே வரிசை நீளம், வைத்தியர் ஒருவர், நோயாளர் நூற்றுக்கு மேல். அவர் தலையிடி என்று சொல்லி முடிக்குமுன் துண்டு எழுதப்பட்டு விடும். துண்டில் இருப்பதும் பனடோலே. அவ்வைத்தியரை நாம் குறை கூறோம். ஒருவருக்கு இரண்டு நிமிடமே கொடுக்க இயலுமாயின் எவரும் அதனையே செய்வர். ஆயினும் வரலாற்றைக் கேட்டறிய வேண்டிய நோய்க்கு இரண்டு நிமிடம் போதாது.

ஒரு நாள் நடமாடும் வைத்திய சேவையில் வந்த இளம் வைத்தியர் ஒருவர் எமது தங்கையிடம் ஐந்தாறு கேள்விகள் கேட்டார். எந்தப் பக்கம் வலிக்கின்றது? வெளிச்சம் பிடிக்கின்றதா? வாந்தி உண்டா? தாய்க்கு இருந்ததா? மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகின்றீர்கள்? கடைசிக் கேள்விக்கு விடையாக, எல்லா நாளும் என்றார் தங்கை. நோயின் பெயரை அன்றுதான் அவர் முதன்முறை கேட்டார். பனடோலை நிறுத்தச் செய்து, புரோப்பிரனலோலைத் தொடங்கினார் அவ்வைத்தியர். முதலிரு வாரம் வலி மிகுமென்றும் அஞ்ச வேண்டாவென்றும் முன்னரே சொல்லியும் வைத்தார். அவ்வாறே மிகுந்தது, பின்னர்த் தணிந்தது. மூன்று மாதத்தில் அவரது தலையிடி திங்களுக்கு இரண்டாகக் குறைந்தது. பல்லாண்டுத் துன்பத்தைத் தணித்தவை ஐந்தாறு கேள்விகளும் ஒரு மலிவான மாத்திரையுமே என்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சியினும் வருத்தமே எமக்கு மிகுகின்றது.

இலவசத்தின் விலை

நமது நாட்டில் அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951இல் ஒழிக்கப்பட்டது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. வணிகப் பெயருக்குப் பணம் கொடாது, மருந்தின் பொதுப்பெயரால் மலிவாக வாங்குக என்பது அவர் கொள்கை. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது இன்றியமையா மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். இச்சிறு நாடு அவ்வழியில் அதற்கு முன்னரே அடியெடுத்து வைத்துவிட்டது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

ஆயினும் இலவசம் என்பது வைத்தியசாலை வாயிலிலேயே தொடங்குகின்றது. அவ்வாயிலை அடைதற்கு விலையுண்டு. சம்பூரிலிருந்து கிளினிக்குக்குச் செல்லும் ஒருவர் விடியுமுன் புறப்படுகின்றார். அன்றைக் கூலி போயிற்று. பேருந்துக் கூலியும் உணவுச் செலவும் போயின. துணைக்கு வந்தவரின் கூலியும் போயிற்று. வெயிலிலும் வரிசையிலும் நின்றதனாலே தலையிடியும் வந்துவிடும். கொண்டுவரும் மருந்து பெரும்பாலும் ஒரு மாதத்துக்கே. அடுத்த மாதம் மீண்டும் இதே பயணம். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டமை வழியை எளிதாக்கியது உண்மை. ஆனால் 2022இல் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளும் மருந்தும் ஒருங்கே அரிதாயின. வெளியில் வாங்குக என்று துண்டில் எழுதப்பட்டது. வெளியிற் கடைகளில் விலை உயர்ந்திருந்தது. எமது தங்கை மாத்திரையை நாள்விட்டு நாள் உண்டு நாட்களைக் கடத்தினார். திடீரென விடத்தகாத மருந்தை அங்ஙனம் குறைத்தது தவறென்று அவர் அறிவார். அறிந்தும் செய்ய நேர்வதே வறுமை.

மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணி செய்வோன் என நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். எம்மூரார் அநுபவத்தைக் கொண்டு பார்க்குமிடத்து, அந்நான்கனையும் ஒன்று சேர்க்கும் வழியும் உடன் எண்ணப்படத்தக்கது எனத் தோன்றுகின்றது. வழி குறைந்தால் நான்கும் இருந்தும் பயனில்லை.

செய்யத்தக்கன

நோயாளர் செய்யக்கூடியது முதற்கண் ஒரு குறிப்பேடு வைத்தல். வலி வந்த நாள், நேரம், எந்தப் பக்கம், முன்பு உண்டது, உறங்கியது, உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றை ஒரு கொப்பியில் வரிக்கு வரி எழுதுக. இரண்டு நிமிடமே உள்ள வைத்தியரும் அதனைப் பார்த்த அளவில் நோயை அறிவார். மருந்தின் பெயரைக் கொப்பியில் மட்டுமன்றி வேறொரு தாளிலும் எழுதி வைத்தல் நன்று. இடம்பெயர்ந்தோர்க்கு அதன் அருமை தெரியும். வேளைக்கு உணவும், போதிய நீரும், ஒழுங்கான உறக்கமும் பாதி மருந்து. விரதமிருப்போர் இதனை நினைத்தல் வேண்டும்.

சில அடையாளங்களைக் கண்டால் வீட்டிற் காத்திருத்தல் ஆகாது. நொடிப்பொழுதில் உச்சத்தை அடையும் கடுந்தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறை தோன்றும் வலி, கருவுற்ற காலத்திற் புதிதாய் வரும் கடுவலி ஆகியன உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லத்தக்கவை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பில் நெற்றியைப் பற்றிக்கொண்டு தலை கவிழும் மாணவனை மடியன் என்று கருதற்க. இருளான அறையும், ஒரு குவளை நீரும், ஒரு மணி நேர உறக்கமும் அவனுக்குக் கொடுக்க நமது பாடசாலைகளால் இயலும். எமக்கு அக்காலத்தில் அவற்றைக் கொடுத்தவர் விடுதிச் சமையற்காரர் ஒருவரே. சாக்கு மூட்டைகள் அடுக்கிய தமது களஞ்சிய அறையை எமக்குத் திறந்துவிட்டார். அவரை இன்றும் மறந்தோமில்லை.

பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர்க்கும் ஒன்று சொல்லத் துணிகின்றோம். திங்களில் ஒரு நாள், குடாவின் தென்கரையிலுள்ள ஊர்களிலிருந்து நோயாளரின் வரலாற்றை ஆறுதலாகக் கேட்பீர்களாக. வைத்தியரல்லாத நாம் வண்டி ஒழுங்கு செய்வோம், கொப்பி எழுதிக் கொடுப்போம். நிலையான நோயாளர்க்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒருசேரக் கொடுக்கவும், அதனை அண்மையிலுள்ள சிறு வைத்தியசாலையிலேயே பெறச் செய்யவும் சுகாதாரப் பகுதியினரை ஒன்றுகூடி வேண்டுவோம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை.

இக்கட்டுரையை நாம் மூன்று நாளில் எழுதினோம். இடையில் ஒரு நாள் எழுதவில்லை. ஏன் என்பதை வாசகர் அறிவர். எமது கல்லூரி தன் மக்களின் கல்விக்குக் காட்டிய பரிவை அவர்தம் உடல் நலத்துக்கும் காட்டி நீடு வாழ்க.