தேவையா, திறமையா? இளம் வீரர் தேர்வில் அணிகள் போடும் கணக்கு

அபுதாபியில் 2025 டிசம்பர் 16ஆம் தேதி நடந்த ஐபிஎல் ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி இரண்டு இளையர்களுக்குத் தலா 14.20 கோடி ரூபாய் கொடுத்தது. சிங்கப்பூர்க் கணக்கில் ஒருவருக்கு ஏறக்குறைய 2 மில்லியன் வெள்ளி. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீருக்கு அப்போது வயது 20. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவுக்கு 19. இருவருமே இந்திய அணிக்கு ஆடாதவர்கள். இருவரின் அடிப்படை விலையும் வெறும் 30 லட்சம் ரூபாய். ஏலத்திற்குச் சென்னை கொண்டுபோன தொகை 43.40 கோடி. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த இருவருக்கே போய்விட்டது.

சிங்கப்பூரில் சென்னை அணிக்கு ரசிகர்கள் குறைவில்லை. இந்தியாவில் இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்களும் நள்ளிரவைத் தாண்டிக் கண் விழித்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பவர்களுக்கு அணியில் யார் இருக்க வேண்டும் என்று சொல்லவும் உரிமை உண்டுதானே! பட்டிமன்றத் தலைப்பாக வைத்தால் இரண்டு அணிக்கும் பேச்சாளர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள்.

ஒரு தரப்பின் வாதம் எளிமையானது. அந்தப் பணத்தில் உலகம் அறிந்த வீரர்களை வாங்கியிருக்கலாம். சென்னை விடுவித்த பத்திரணாவை அதே ஏலத்தில் கோல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. கையில் இருந்தவரை விட்டுவிட்டு, பெயர் தெரியாதவருக்குப் பணத்தைக் கொட்டுவது அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாகாதா? விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது மறுதரப்பின் பதில். பெயர் வாங்கிய பிறகு வாங்கப் போனால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பெயர் வாங்குவதற்கு முன்பே அடையாளம் காண்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்பார்கள் அவர்கள்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 30 லட்சத்தில் தொடங்கியது எப்படி 14 கோடிக்கு ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வாதத்தைத் தீர்க்க முடியாது.

ஐபிஎல் ஆட்டம் ஒன்றில் களமிறங்கும் 11 பேரில் 4 பேர் மட்டுமே வெளிநாட்டினராக இருக்கலாம். மீதி 7 பேரும் இந்தியர்கள். இப்படி 10 அணிகள். நல்ல இந்திய வீரர்களை அணிகள் பெரும்பாலும் தக்கவைத்துக்கொள்கின்றன. ஆகவே சிறு ஏலத்துக்கு வருபவர்களில் தரமான இந்தியர்கள் மிகக் குறைவு. பந்தும் வீசி, மட்டையும் பிடிக்கும் இந்தியர் இன்னும் குறைவு. வெளிநாட்டு வீரர் கிடைக்காவிட்டால் இன்னொரு வெளிநாட்டவரைத் தேடலாம். இந்தியரில் அந்த வசதி இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் மாலை தேக்காச் சந்தையில் வாழையிலை விலை ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரர் ஒருவர் கையில் வாங்கக்கூடிய தொகைக்கு 18 கோடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அன்று ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீனைச் சென்னையோடு போட்டி போட்டுக் கோல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. கிரீனுக்குப் போவது 18 கோடி. எஞ்சிய தொகை வீரர் நலனுக்காக இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்குப் போகிறது. அணியின் பையிலிருந்து மட்டும் முழுத் தொகையும் கழிந்துவிடும்.

<b>கோஹ்லியை விட்ட டெல்லி</b>

ஏலம் என்பது பணத்தின் ஆட்டம். உலகின் பல விளையாட்டுகளில் வேறொரு முறை இருக்கிறது. அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அமெரிக்கக் காற்பந்தில் 1936 முதலும், வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் 1963 முதலும் இதுவே வழக்கம். இளம் வீரர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். பொதுவாக, சென்ற பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கே முன்னுரிமை. பணக்கார அணி எல்லாரையும் வளைத்துப் போடாமல் தடுப்பதே நோக்கம். அங்கே பணத்தைக் கூட்டிக் கொடுத்து ஒருவரைப் பிடிக்க முடியாது. முறை வரும்போது யாரைச் சொல்கிறோம் என்பதே எல்லாம்.

ஐபிஎல் போட்டியிலும் ஒருமுறை இப்படி நடந்தது. 2008 மார்ச்சில் கோலாலம்பூரில் முடிந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை இந்தியா வென்றது. அந்த இளையர்களை ஏலத்தில் விடாமல் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. டெல்லி அணிக்கு முதலில் வாய்ப்பு வந்தது. கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் டெல்லிப் பையன்தான்: விராத் கோஹ்லி. ஆனால் டெல்லி அவரை எடுக்கவில்லை. இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. கோஹ்லி பெங்களூருக்குப் போனார்.

இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைய டெல்லி அணியைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். சேவாக், காம்பீர், டி வில்லியர்ஸ், தில்ஷான் என்று பந்தடிப்பாளர் வரிசை நிரம்பி வழிந்தது. இன்னொரு பந்தடிப்பாளரை எங்கே நிறுத்துவது? பந்துவீச்சாளர்தான் தேவை என்று நினைத்தார்கள். சங்வானும் லேசுப்பட்டவர் அல்லர். பல அணிகளுக்குப் பல ஆண்டுகள் ஆடியவர். டெல்லி தேவையைப் பார்த்தது. பெங்களூரு கையில் கிடைத்த திறமையை எடுத்துக்கொண்டது. அன்று போன கோஹ்லி வேறு எந்த அணிக்கும் போகாமல், 2025 ஜூனில் பெங்களூரின் முதல் கிண்ணத்தையும் அதே சட்டையில்தான் வாங்கினார்.

கூடைப்பந்து ரசிகர்களுக்கு இதே கதை வேறு பெயர்களில் தெரியும். 1984இல் போர்ட்லண்ட் அணி மைக்கேல் ஜோர்டனை விட்டுவிட்டு சாம் போவியை எடுத்தது. ஜோர்டனின் இடத்தில் ஆட அந்த அணியிடம் கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார். உயரமான நடு ஆட்டக்காரர் ஒருவர்தான் தேவைப்பட்டார். தேவையைப் பார்த்ததால் வந்த வினை! அடுத்த வாய்ப்பில் சிகாகோ ஜோர்டனை எடுத்தது.

இந்த இரண்டு கதைகளையும் வைத்துக்கொண்டு எப்போதும் திறமையையே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தேவையைப் பார்த்துச் சரியாக அமைந்த தேர்வுகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அதனால் அவை நினைவில் நிற்பதில்லை.

<b>தாத்தாக்கள் வென்ற கிண்ணம்</b>

சென்னைக்கே அதற்குச் சான்று இருக்கிறது. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு 2018இல் திரும்பி வந்தபோது, அந்த அணியில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முதியோர் அணி என்று கேலி பேசினார்கள். இறுதி ஆட்டத்தில் 36 வயது ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். அதே பருவத்தில் அம்பத்தி ராயுடு 602 ஓட்டங்கள் குவித்தார். அவரது விலை 2.20 கோடிதான். அனுபவத்தை மலிவாக வாங்குவது அன்றைய சென்னையின் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. 2021இலும் 2023இலும் அதே பாதையில் கிண்ணம் வந்தது.

பிறகு அந்தக் கணக்கு பொய்த்துப்போனது. 2025 பருவத்தில் 14 ஆட்டங்களில் 4 வெற்றி மட்டுமே. முதன்முறையாகப் பட்டியலில் கடைசி இடம். அஸ்வினுக்குக் கொடுத்த 9.75 கோடிக்கும் பலன் கிடைக்கவில்லை. பருவத்தின் நடுவில் காயம்பட்டவர்களுக்கு மாற்றாக வந்த பிள்ளைகள்தான் ரசிகர்களை நிமிர்ந்து உட்கார வைத்தார்கள். அணித்தலைவர் ருதுராஜின் இடத்துக்கு வந்த ஆயுஷ் மாத்ரேக்கு 17 வயது. மே 3ஆம் தேதி பெங்களூருக்கு எதிராக அவர் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸும் அப்படி இடையில் வந்தவரே. இன்னொரு பக்கம், ராஜஸ்தான் அணி 1.10 கோடிக்கு எடுத்த வைபவ் சூரியவன்ஷி 14 வயதில் 35 பந்துகளில் சதம் அடித்துவிட்டார். இளையர்களுக்கு விலை ஏறியதற்கு அந்த ஒரு பருவமே போதும்.

டிசம்பர் ஏலத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. ஜடேஜாவின் இடம் காலி. பிரசாந்த் வீர் இடக்கைச் சுழற்பந்து வீசி, மட்டையும் சுழற்றுபவர். அது தேவையைப் பார்த்த தேர்வு. கார்த்திக் சர்மா விக்கெட் காப்பாளர். டோனி, சாம்சன், உர்வில் பட்டேல் என்று மூன்று காப்பாளர்கள் இருக்கும்போது நான்காமவர் எதற்கு? அது திறமையைப் பார்த்த தேர்வு. ஒரே நாளில், ஒரே விலையில், சென்னை இரண்டு வழியிலும் பந்தயம் கட்டியது.

<b>விலை தரும் சுமை</b>

பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்தப் பிள்ளைகளின் பக்கம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலையோ 10 லட்சம். எதிர்பார்த்ததுபோல் அமையவில்லை, விடுவித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு 40 லட்சத்துக்கு ஹைதராபாத் போனார். 2020 பருவத்தில் 16 விக்கெட், அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகம் என்று அவர் எழுந்தபோது பலன் பஞ்சாப்புக்கு இல்லை.

கட்டடக் கலைஞராக இருந்து சுழற்பந்து வீச்சாளரான வருண் சக்கரவர்த்தியின் கதையும் அதுதான். 2019 பருவத்துக்கு 8.40 கோடி கொடுத்த பஞ்சாப், அவரை ஒரே ஓர் ஆட்டத்தில் ஆடவிட்டு அனுப்பிவிட்டது. கோல்கத்தா 4 கோடிக்கு எடுத்துப் பொறுமையாக வைத்துக்கொண்டது. 2024இல் கோல்கத்தா கிண்ணம் வென்றபோது அவர் எடுத்த விக்கெட்டுகள் 21. தமிழ்நாட்டின் இரண்டு திறமைகளையும் முதலில் கண்டுபிடித்தது பஞ்சாப்தான். ஆனால் காத்திருக்கத்தான் அதனால் முடியவில்லை.

ஹாக்கியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏழாண்டு இடைவெளிக்குப் பிறகு உயிர்பெற்ற ஹாக்கி இந்தியா லீக், 2024 அக்டோபரில் ஏலம் நடத்தியது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான் வரம்பு. ஆக அதிக விலை போன ஹர்மன்பிரீத் சிங்குக்கே 78 லட்சம். 24 பேர் கொண்ட அணியில் 4 இந்திய இளையர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. இளையருக்கு இடம் கொடுப்பதை அணியின் விருப்பத்துக்கு விடவில்லை.

<b>பாலஸ்டியரில் தொடங்கிய பாதை</b>

யார் கண்ணிலும் படாமல் போகிறவர்களின் நிலை என்ன? இதற்கு விடை தேட சிங்கப்பூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. டிம் டேவிட் 1996இல் இங்கே பிறந்தவர். அவருடைய தந்தை 1997 ஐசிசி கோப்பையில் சிங்கப்பூருக்காக ஆடியவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த் நகருக்குத் திரும்பிவிட்டது. அங்கே மேற்கு ஆஸ்திரேலிய அணியின் ஒப்பந்தம் அவருக்குக் கைநழுவியது. 2019 ஜூலையில் லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பாலஸ்டியர் சாலையில், இந்தியர் சங்கத் திடலில், சிங்கப்பூர் அணிக்காக முதல் அனைத்துலக ஆட்டத்தை ஆடினார். அதே ஆண்டு செப்டம்பரில் அதே திடலில் சிங்கப்பூர் அணி ஸிம்பாப்வேயை 4 ஓட்டங்களில் வீழ்த்தியது. அடுத்த மாதம் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளில் ஸ்காட்லாந்தை 2 ஓட்டங்களில் வென்றது. சிங்கப்பூருக்காக அவர் ஆடியவை 14 ஆட்டங்கள். எடுத்தவை 558 ஓட்டங்கள்.

இந்த எண்களுக்கு ஏலக்காரர்கள் முதலில் மதிப்புக் கொடுக்கவில்லை. சிறிய நாட்டு அணிகளுக்கு எதிராக அடித்த ஓட்டங்கள்தானே என்ற எண்ணம். 2021இல் பெங்களூரு அணி மாற்று வீரராகக் கூப்பிட்டு ஒரே ஓர் ஆட்டம் கொடுத்து விட்டுவிட்டது. 2022 ஏலத்தில் 40 லட்சத்தில் தொடங்கிய அவரது பெயர், மும்பையின் கையில் 8.25 கோடியில் முடிந்தது.

அவ்வளவு கொடுத்து வாங்கிய மும்பை என்ன செய்தது? முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடவிட்டு, அடுத்த ஆறு ஆட்டங்களில் உட்கார வைத்துவிட்டது. அந்த எட்டு ஆட்டங்களிலும் மும்பை தோற்றது. மீண்டும் களமிறக்கியபோதுதான் அவர் யாரென்று தெரிந்தது. மே 21ஆம் தேதி டெல்லிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் 11 பந்துகளில் 34 ஓட்டங்கள் அடித்தார். மும்பைக்கு அந்த வெற்றியால் ஆதாயம் எதுவும் இல்லை. ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணி அது. டெல்லி தோற்றதால் அடுத்த சுற்றுக்குப் போனது, ஒரே ஆட்டத்தோடு அவரை விட்டுவிட்ட பெங்களூரு. அந்த அணி 2025 பருவத்துக்கு அவரை 3 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது.