தப்பான விடையைத் தயாரிப்பது எப்படி?

53-இல் 27 போனால் 26. இதைக் கணினி கண் இமைக்கும் முன் சொல்லிவிடும். அந்த 26-க்குப் பக்கத்தில் வைக்க மூன்று தப்பான விடைகளைத் தேடுவதுதான், வினாடி வினா தயாரிக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்குத் தலைவலி.

பெங்களூருவுக்கு இது பழகிய தொழில். அங்கே ஒரு பள்ளியில் கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த அங்கித் குப்தா, தீபக் ஜாய் சீனத் இருவரும் 2015-இல் தொடங்கிய வினாடி வினாத் தளம்தான் ‘குவிஸ்ஸிஸ்’. நார்வேயின் ‘கஹூட்’ அப்போதே பிரபலம். அன்று அதில் கேள்வி வகுப்பின் பெரிய திரையில் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தியடிக்க வேண்டியிருந்தது. குவிஸ்ஸிஸ் கேள்வியை அவரவர் திரைக்குக் கொண்டுவந்தது. மெதுவாக யோசிக்கும் பிள்ளைக்கும் மூச்சுவிட நேரம் கிடைத்தது. 2025-இல் அது ‘வேகிரவுண்ட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது.

தப்பான விடைக்கு வருவோம். பிள்ளைகளின் கழித்தல் கணக்குகளை அலசிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. பிள்ளைகள் பெரும்பாலும் கண்டபடி தப்புச் செய்வதில்லை. ஒரு விதியைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு, அதையே ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்றார்கள். நம் கணக்கில் 3-இல் 7 போகாது. ஒரு பிள்ளை பெரியதில் சிறியதைக் கழித்து 4 போடும், விடை 34. இன்னொன்று கடன் வாங்கி, 13-இல் 7 போக 6 என்று சரியாகவே போடும், ஆனால் கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிடும், விடை 36. குறியைப் பார்க்காமல் கூட்டும் பிள்ளைக்கு 80.

ஆக, நிரலில் எழுத வேண்டியது தப்பான எண்களை அல்ல, தப்புச் செய்யும் விதிகளை. எண்கள் எவையானாலும் தப்பான விடைகள் தாமே வந்து விழும். ஆனால் 53-க்குப் பதில் 52 வந்தால்? முதல் பிள்ளைக்கும் 35, இரண்டாவது பிள்ளைக்கும் 35. யாருக்கு எது புரியவில்லை என்று ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒன்றாம் இட இலக்கங்களின் வித்தியாசம் 5 என்றால் அந்த ஜோடியைத் தள்ளு என்று நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரிக்காகத்தான் நிரல் எழுதுகிறவர் வகுப்பறையைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பேன்.

பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதாதிருக்க, விடைகளைக் குலுக்கிப் போடுவது எளிது. ‘மேற்கண்ட அனைத்தும்’ என்ற விடை குலுக்கலில் முதல் இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் சிரிப்பு வரும். அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. குருட்டு அதிர்ஷ்டம் வேறு கதை. நான்கு விடை, பத்துக் கேள்வி என்றால், எதையும் படிக்காமல் தொட்டுக்கொண்டே போகிறவரும் பாதியோ அதற்கு மேலோ எடுக்க 8 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு உண்டு. வகுப்பே அப்படித் தொட்டால், 40 பேரில் மூன்று பேர் சராசரியாகத் தேறிவிடுவார்கள்.

இப்போது கேள்வியையே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளின் காலம். மைக்ரோசாஃப்ட்டின் பெங்களூரு ஆய்வகம், சிக்ஷணா அறக்கட்டளையுடன் சேர்ந்து ‘சிக்ஷா கோபைலட்’ என்ற உதவியாளரைக் கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் 2023-இல் சோதனைக்குக் கொடுத்தது. பாடக் குறிப்பும் செயல்பாடுகளும் கேள்விகளும் நிமிடங்களில் வரும். மாதிரி மனம்போன போக்கில் போகாமலிருக்க அரசுப் பாடநூலோடு அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆனால் பாடநூலில் சரியான செய்தி இருக்கும். பிள்ளை எங்கே வழுக்குவாள் என்பது இருக்காது. அதனால் மாதிரி தரும் தப்பான விடைகள் சில நேரம் அசட்டுத்தனமாக இருக்கும், சில நேரம் அவையும் சரியாகவே இருந்து தொலைக்கும்.

இத்தகைய கருவியைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கு ஒரு சோதனை: கேள்வியை மறைத்துவிட்டு நான்கு விடைகளை மட்டும் பாருங்கள். நீளமான, நிதானமான வாக்கியமாக ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால், பிள்ளைகளுக்கும் அது தெரியும். அந்தக் கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டு, போன வருடத்து விடைத்தாள்களில் சிவப்பு மை விழுந்த இடங்களைப் புரட்டுங்கள்.