மகரந்தம் கேட்காத மங்குஸ்தான்

சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிச் சாலைப் பழக்கடையில் மங்குஸ்தானைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பூப்போல ஒரு முத்திரை. அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எனக்கென்னவோ சுளையைவிட, நாம் துப்பிவிடும் விதைதான் அதிசயமாகப் படுகிறது.

மங்குஸ்தானில் ஆண் மரம் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆனாலும் விதை உருவாகிவிடுகிறது. சூலைப் போர்த்தியிருக்கும் உறையின் செல்களே, கருவுறுதலுக்குக் காத்திராமல், கருவாக வளரத் தொடங்குகின்றன. அதனால் கன்று அநேகமாகத் தாயின் நகல்தான். ஒரே விதையில் இரண்டு கன்று எழுவதும் உண்டு.

மங்குஸ்தானின் உறை மட்டுமல்ல, தாவரத்தின் எந்தச் செல்லிலிருந்தும் முழுச் செடியை எழுப்பலாம் என்று 1902-லேயே ஊகித்தவர் ஆஸ்திரியாவின் ஹேபர்லாண்ட். 1964-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்தே கருக்களை வளர்த்துக் காட்டினார்கள்.

மனித உடலுக்கு இந்தத் தாராளம் கிடையாது. எல்லா உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் கருவின் தொடக்க நாட்களோடு சரி. வளர்ந்தவரின் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த ஸ்டெம் செல்கள் ரத்த அணுக்களைத்தான் உண்டாக்கும். 2006-இல் ஜப்பானின் யமனாகா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் வளர்ந்த செல்லைத் தொடக்க நிலைக்குத் திருப்பினார். 2012-இல் நோபல் பரிசு வந்தது.

ரத்தத்தோடு நின்றுவிடும் அந்த மஜ்ஜைச் செல்லை வைத்தே வேலூர் சி.எம்.சி. பெரிய காரியம் செய்திருக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவரின் ஸ்டெம் செல்களை எடுத்து, குறைபட்டிருந்த மரபணுவின் நல்ல நகலைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது.

இதை எழுதக் காரணம் விளம்பரங்கள். மூட்டுவலி, ஆட்டிசம், முதுகுத்தண்டு என எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்கிறார்கள். தாவர ஸ்டெம் செல் சேர்த்த முகக் கிரீம் வேறு! செடியின் செல் மனிதத் தோலாக மாறாது. ஊசி விஷயத்தில், அங்கீகரிக்கப்பட்ட சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்றால் அரசுப் பதிவேட்டில் எண் இருக்கும். பணம் கட்டுமுன் அந்த எண்ணைக் கேளுங்கள்.