சர்லிஷ்: ஒரு வசையின் வரலாறு

ஆங்கிலத்தில் 'சர்லிஷ்' என்றொரு பழைய பெயரடை உண்டு. முரட்டுத்தனமான, மரியாதை தெரியாத என்று பொருள். இப்போது பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. ஆனாலும் விருந்தையோ விருதையோ ஒருவர் வேண்டாமென்றால், அவரைக் குத்திக்காட்ட இன்னும் இதைத்தான் எடுக்கிறார்கள். மறுப்பவர் பண்பில்லாதவர் ஆகிவிடுகிறார்.

இதன் வேர் பழைய ஆங்கிலத்தின் 'சியோர்ல்'. அதில் வசை ஏதுமில்லை. அடிமையுமல்லாத, பிரபுவுமல்லாத சாதாரணக் குடியானவன், அவ்வளவுதான். சுதந்திரமானவன், ஆனால் விலை குறைந்தவன். கொலையுண்டவனின் உறவினருக்குக் கொடுக்க வேண்டிய இரத்த ஈடு, வெசெக்ஸ் அரசில் சியோர்லுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1200. அதாவது ஒரு பிரபுவின் உயிருக்கு ஆறு குடியானவர்கள்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் நிலமும் அதிகாரமும் பிரெஞ்சு பேசும் பிரபுக்களின் கைக்குப் போயின. குடியானவர்கள் பலர் பண்ணையடிமை நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். ஆள் தாழத் தாழச் சொல்லும் தாழ்ந்தது. முதலில் அது அவன் நிலையைச் சொன்னது. அப்புறம் அதையே அவன் குணமாக்கியது.

இது தனிக்கதை அல்ல. 'வில்லன்' ஒருகாலத்தில் பண்ணையில் உழைத்தவன். 'ஜென்டில்' என்றால் நல்ல குலத்தில் பிறந்தவன். அந்தஸ்தைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிப்பனவாக மாறும் இந்தப் போக்கை சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' நூலில் விளக்கியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஜெர்மானிய வேரின் இன்னொரு கிளைதான் 'கார்ல்' என்ற பெயர். 2022இல் பிரிட்டிஷ் அரியணை ஏறிய சார்லஸின் பெயரும் அதுவே. ஒரே வேர்தான்: அரண்மனையில் மன்னன் பெயர், வயலில் வசை. வேர்ச்சொல்லில் இழிவு இல்லை. அதைச் சூட்டும் அதிகாரத்தில் இருக்கிறது.

1611இல் வந்த ஆங்கில விவிலியத்தைப் பாருங்கள். தாவீதின் ஆட்களுக்கு உணவு தர மறுத்த நாபாலை அது 'சர்லிஷ்' என்கிறது. நாபாலோ 3000 செம்மறிகளுக்கும் 1000 வெள்ளாடுகளுக்கும் சொந்தக்காரன். பணக்காரனின் கருமித்தனத்தைத் திட்டவும் குடியானவனின் பெயர்தான் கிடைத்தது!

இதை நாம் தமிழாக்கும்போது 'பட்டிக்காட்டுத்தனம்' என்று கைபோன போக்கில் எழுதிவிடலாம். 'நாகரிகமற்ற' என்றாலும் அதற்குள் நகரம் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பிரபுவின் பார்வையை நம் வாயால் மறுபடி சொல்கிறோம். 'முகத்திலடித்தாற்போல' என்று எழுதினால் செயலை மட்டும் சொன்னதாகும். யார் பிறப்பும் அதில் இழுபடாது.