எச்சரிக்கும் உணரிகளும் செவிமடுக்க வேண்டிய நிர்வாகங்களும்

2022 ஆம் ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி இங்கிலாந்தின் வெப்பநிலை வரலாற்றில் முதற்தடவையாக 40 பாகை செல்சியஸைத் தாண்டியது. அன்றைய தினமே லண்டனின் கைஸ் மற்றும் சென்ற் தோமஸ் வைத்தியசாலைகளின் இரு தரவு நிலையங்களும் வெப்பம் தாளாது செயலிழந்தன. நோயாளரின் பதிவுகளைக் கணினியில் பார்க்க முடியாத வைத்தியர்கள் கடதாசியிலும் பேனாவிலும் தங்கியிருக்க நேர்ந்தது. நிலைமை முற்றாக வழமைக்குத் திரும்பப் பல வாரங்கள் சென்றன. ஒன்று பழுதடைந்தால் மற்றையது கைகொடுக்கும் என்ற நம்பிக்கையை வெயில் ஒரே நாளில் பொய்யாக்கிவிட்டது.

சேர்வர் கணினியின் புரொசசர் உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. உள்ளங்கையில் அடங்கும் இன்றைய புரொசசர்கள் சில 300 வாற்றுக்கும் அதிகமான மின்சாரத்தை உட்கொள்கின்றன. இவ்வெப்பத்தை அளப்பதற்கான உணரிகள் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டுள்ளன. இதன் அடிப்படை எளிமையானது. டயோட் ஒன்றினூடாக மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோற் குறையும். அக்குறைவே வெப்பநிலையாகக் கணிக்கப்படுகின்றது. வெப்பம் எல்லையை எட்டும்போது புரொசசர் தனது வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அதன் பின்னரும் உயருமாயின், எரிந்து போகாதிருக்க முற்றாக நின்றுவிடும்.

சேர்வர்களில் இதற்கு மேலும் ஒரு காவலன் உண்டு. தாய்ப்பலகையிலுள்ள தனியான சிறு கட்டுப்படுத்தி, பிரதான கணினி நிறுத்தப்பட்டிருக்கும் போதும் மின்னிணைப்பு உள்ளவரை விழித்திருக்கின்றது. உள்நுழையும் காற்றின் வெப்பநிலை, மின்விசிறிகளின் சுழற்சி வேகம் என்பவற்றைக் கண்காணித்து, வலையமைப்பினூடாகத் தொலைவிலுள்ளவருக்கும் அது அறிவிக்கும். இன்ரெல், டெல், எச்.பி., என்.ஈ.சி. ஆகிய நிறுவனங்கள் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.பி.எம்.ஐ. என்ற பொது நியமம் இதற்கு வழிவகுத்தது.

இவ்வளவீடுகளை ஒப்பிட்டு வாசிக்கத் தெரிந்திருப்பது அவசியமாகும். உள்நுழையும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருப்பது விரும்பத்தக்கது என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான அஷ்ரேயின் பரிந்துரையாகும். காற்று அவ்வளவில் இருக்க ஒரு புரொசசர் மாத்திரம் கொதிக்குமாயின், தூசு படிந்த வெப்பத்தகடோ காய்ந்துபோன வெப்பப் பசையோ நின்றுபோன மின்விசிறியோ காரணமாகலாம். மாறாக, எல்லாச் சேர்வர்களிலும் உள்நுழையும் காற்று ஒருசேரச் சூடேறுமாயின் பழுது கணினியில் அல்ல, அறையின் குளிரூட்டியிலேயே உள்ளது. அவ்வேளையில் மின்விசிறிகள் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சூடான காற்றையே மீண்டும் மீண்டும் உள்ளே தள்ளும்.

உணரி எச்சரிக்கை செய்யுமேயன்றி, அறையைக் குளிர்விக்காது. நள்ளிரவில் வரும் எச்சரிக்கை யாருடைய தொலைபேசிக்குச் செல்கின்றது? எந்தச் சேர்வரை முதலில் நிறுத்துவது, எதனை இறுதிவரை காப்பாற்றுவது என்று முடிவு செய்யப்பட்டுள்ளதா? மாற்று நிலையமும் அதே வெயிலில்தான் நிற்கின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டியவர்கள் தொழில்நுட்பவியலாளர்கள் மாத்திரமல்லர், நிதி ஒதுக்கும் நிர்வாகிகளுமே. கோடைகள் கடுமையாகி வரும் இக்காலத்தில், அவ்விடைகளை அனர்த்தத்தின் பின்னர் தேடுவதால் நோயாளிக்குப் பயனேதும் விளையப் போவதில்லை.