கதவைச் சாத்திவிட்டுப் போன அரசன்

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் நமக்குப் பழக்கம். பிடித்துக் குதறும் மனித ஓநாயை ஹாலிவுட் பழக்கிவிட்டது. 1941-இல் வந்த 'த வுல்ஃப் மேன்' படத்தில் அவனுக்கு விமோசனமே இல்லை, வெள்ளிப் பூண் போட்ட தடியால் அடித்துத்தான் கொல்கிறார்கள். இன்றைய ஆங்கிலக் காதல் நாவல்களில் வேறொரு மனித ஓநாய் உலவுகிறான். அவன் அடிபட்டவன். இன்னொரு ஆணை நேசிப்பவன். பயமில்லாமல் ஓர் இரவு தூங்க முடிகிறதா என்பதே அவன் கதை. கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் இதன் வேர் எண்ணூறு ஆண்டுக்கு மேல் பழையது.

மாரி த ஃபிரான்ஸ் என்ற பெண் கவி 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய பிரெஞ்சில் எழுதிய கதைப்பாடல் 'பிஸ்க்லாவ்ரே'. பிரித்தானி நாட்டில் ஒரு வீரன், அரசனுக்கு நெருக்கமானவன். வாரத்தில் மூன்று நாள் காணாமல் போய்விடுகிறான். எங்கே போகிறாய் என்று மனைவி கெஞ்சிக் கேட்க, ஓநாயாகிக் காட்டில் திரிவதாகச் சொல்லிவிடுகிறான். உடைகளை எங்கே ஒளித்து வைக்கிறான் என்பதையும் அவள் கேட்டு வாங்கிவிடுகிறாள். அந்த உடை இல்லாமல் அவன் மனித உருவுக்குத் திரும்ப முடியாது. தன்னைச் சுற்றிவந்த இன்னொரு வீரனை அனுப்பி அதைத் திருடச் செய்து, அவனையே மணந்தும் கொள்கிறாள்.

நம்பிச் சொன்ன ரகசியமே ஆயுதமாகத் திரும்பி வருவது என்னவென்று தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் கதையைத் தங்கள் கதையாக அவர்கள் வாசிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஓராண்டு கழித்து வேட்டைக்கு வந்த அரசனின் நாய்கள் ஓநாயை மடக்குகின்றன. அது ஓடவில்லை. அரசனின் அங்கவடியைப் பற்றிக் காலை முத்தமிடுகிறது. அரசன் அதை அரண்மனைக்கே கொண்டுபோகிறான். யாரையும் சீண்டாமல், அரசனை விட்டுப் பிரியாமல் அது சாதுவாக இருக்கிறது. திருடிய வீரனைக் கண்டபோதுதான் பாய்கிறது. பின்பு மனைவியைக் கண்டதும் அவள் மூக்கைப் பிய்த்துவிடுகிறது. அவளைச் சித்திரவதை செய்து உண்மையை வாங்குகிறார்கள். அவள் வழியில் பல பெண்கள் மூக்கில்லாமல் பிறந்தார்களாம். இந்த இடம் எனக்கு ஒப்பவில்லை. அவள் துரோகி என்றாலும் முதலில் அவள் பயந்துபோன ஒருத்தி.

உடை கிடைக்கிறது. சபை நடுவில் வைத்தால் ஓநாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் மாற அதற்கு வெட்கம் என்று ஓர் அறிவாளி எடுத்துச் சொல்ல, அரசன் தானே அதைத் தன் படுக்கையறைக்கு அழைத்துப் போய் உள்ளே விட்டுக் கதவுகளைச் சாத்திவிட்டு வந்துவிடுகிறான். நேரம் கழித்துத் திரும்பினால் அரசனின் கட்டிலில் அந்த வீரன் தூங்கிக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு நூறு முறைக்கு மேல் முத்தமிடுகிறான் அரசன். இவர்களைக் காதலர் என்று மாரி சொல்லவில்லை. அரசனும் வீரனும் முத்தமிடுவது அக்கால வழக்கம்தான். ஆனால் நூறு முத்தம் எந்த வழக்கத்தில் சேர்த்தி?

எனக்கு முத்தத்தைவிடக் கதவுதான் பெரிது. காயம்பட்டவனை மாறு மாறு என்று நெருக்காமல், தனிமையும் நேரமும் கொடுத்தான் அரசன்.

இன்றைய நாவல்களிலும் இந்தப் பொறுமையைப் பார்க்கலாம். டி.ஜே. க்ளூனின் 'ரேவன்சாங்' (2018) நாவலில் வரும் கார்டோ, ஆரிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் கார் மெக்கானிக். சிறுவனாக இருந்தபோதே அப்பன் அவன் உடம்பில் மந்திரப் பச்சை குத்திவிட்டான். குடும்பமாக நம்பிய மனித ஓநாய்க் கூட்டமும் அவனை விட்டுப் போய்விட்டது. கூட்டத்தில் ஒருவனான மார்க் திரும்பி வரும்போது கார்டோ கரித்துக் கொட்டுகிறான். அந்தக் கோபம் தணியும் வரை மார்க் அங்கேயே இருக்கிறான். மென்மை என்று நம்பி எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரத்தமும் தாராளமாக ஓடும். ஆனாலும் அப்பனின் வெறி தனக்குள்ளும் இருக்குமோ, நெருங்கி வருபவனைத் தானும் கடித்துவிடுவோமோ என்று அடிபட்டு வளர்ந்தவனுக்கு வரும் அச்சத்தை உருவமாக்கிக் காட்ட ஓநாயைவிடப் பொருத்தமான வேடம் இல்லை.

இந்த வகை நாவல்களில் மட்டமானவையும் உண்டு. 'ஆல்ஃபா' என்ற தலைவன் மிரட்டுவான், அடிப்பான். ஓநாய் இயல்பு அப்படித்தான் என்று கதை சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானமே தவறு. அடக்கி ஆளும் ஆல்ஃபா என்ற எண்ணம், ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றிய ஆய்விலிருந்து பரவியது. அதைத் தன் நூலில் எழுதிப் பிரபலமாக்கிய டேவிட் மீச் என்பவரே, கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவிட்டு 1999-இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். அந்நியர்களை ஒரே வேலிக்குள் அடைத்தபோது கண்ட சண்டையைத்தான் உலகம் ஓநாய்க் குணம் என்று நம்பியது. ஆக, கூட்டத்தைக் குடும்பமாக எழுதும் மென்மையான நாவல்களே நிஜ ஓநாய்க்கு நெருக்கமானவை.

படிக்க நினைப்பவர்கள் மாரியிடமிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்தில் நல்ல மொழிபெயர்ப்புகள் உள்ளன. மூலமே மொத்தம் 318 வரிதான்.